பன்னிரண்டு புள்ளி ஆறு

விரிஞ்சிபுரம் வந்ததும்
கோதண்டம் புங்கமர நிழலுக்குத்தான் டிரெய்லரைத் திருப்பினார்.
வேண்டாம் என்றேன்.
ஒரு கிளையின் நிழல் மூலையில் விழுந்தால் போதும்,
கூரைமேல் சோலார் பலகை மொத்தமும் சுணங்கிவிடும்.
"கத்திரியில வெயில் தேடி அலையற ஆளை
இப்பத்தான் மேடம் பாக்கறேன்."

ஆகவே ஆற்றங்கரைப் பொட்டலில் டிரெய்லர்.
மரத்தடியில் நாங்கள், சோற்று வாளி, யாருடையதோ ஒரு கறுப்பு நாய்.
உள்ளே ஒரு சின்ன ஃபிரிட்ஜ்.
முப்பத்தொரு கிணற்றின் தண்ணீர்
முப்பத்தொரு புட்டியில், நாலு டிகிரிக்கு மேல் போகாமல்.
அதற்கும் கீழே பெட்டியில் இரண்டு பேட்டரி.
பகலெல்லாம் வெயிலைக் குடித்து
இரவெல்லாம் ஃபிரிட்ஜுக்குப் பால் கொடுப்பவை.

பொழுது சாய்ந்து ஒரு மணி பொறுத்து மீட்டர் வைத்தால்
பன்னிரண்டு புள்ளி ஆறு வரவேண்டும்.
விடிகாலையில் பன்னிரண்டு புள்ளி இரண்டுக்குக் கீழே போகக்கூடாது.
நடுவில் இருக்கும் அந்த நாலு புள்ளிதான்
எங்கள் ஆஸ்தி.

மூன்றாம் இரவு புழுக்கம் தாளாமல்
நான் ஃபேனைப் போட்டேன்.

காலையில் பதினொன்று புள்ளி எட்டு.
மூடிகளைத் திருகி எடுத்து டார்ச் அடித்தேன்.
நாலாவது அறையில் தகடுகள் வெளியே துருத்தி நின்றன,
தண்ணீர் வற்றிய ஆற்றில் பாறைபோல.
பாலாறு பக்கத்தில் இருக்க
வேறு உவமைக்கு எங்கே போவேன்.

ஞாயிற்றுக்கிழமை.
டிஸ்டில்டு வாட்டர் கேன் காலி.
இரண்டு நாளாகவே காலி, மறந்தது நான்.
கோதண்டம் எதிர்வீட்டுக் குடத்தோடு வந்தார்.
"தண்ணிதானே மேடம், ஊத்து."
இது ஆகாதுண்ணே. உப்பு தகட்டுல படிஞ்சுடும்,
பேட்டரி செத்துடும்.
குடத்தைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
"அந்த வூட்டுல இதத்தானே குடிக்கிறாங்க?"

கிணறு எண் பதினேழு.
புட்டியின் மேல் என் கையெழுத்து.
கையில் வைத்திருக்கும் சின்னக் கருவி
எனக்கு மட்டும் ஒரு எண்ணைக் காட்டியிருந்தது.
முடிவுகளை ஊரில் பேசலாகாது என்பது
ஒப்பந்தத்தின் ஆறாவது பத்தி.

செதுவாலையில் பஞ்சர் கடை சகாயராஜ்
பாதி ஷட்டரைத் தூக்கி அரை லிட்டர் கொடுத்தார்.
தகடு முழுகும்வரைதான் ஊற்றினேன்.
மிச்சம் சார்ஜ் ஏறியபின்.
முதலிலேயே நிரப்பினால் பொங்கி வழியும்.
மணல் லாரிப் புழுதியை ஈரத்துணியால் துடைத்தேன்.
பலகையின் சூடு துணியைத் தாண்டி விரலில் ஏறியது.

இனி வெயிலின் வேலை.
கோதண்டம் கோயிலுக்குக் கூப்பிட்டார். போனேன்.
அவர் வழித்துணை நாதருக்குச் சூடம் ஏற்ற உள்ளே போனார்,
நான் வெளிப்பிரகாரத்தில் மணி காட்டும் கல்லருகே நின்றேன்.
திரும்பி வந்து பள்ளத்தில் ஒரு ஈர்க்குச்சியை வைத்தார்.
நிழல் பதினொன்றின்மேல் விழுந்தது.
எவனோ கல்தச்சன்
நிழலையும் வேலைக்கு வைத்திருக்கிறான்.
நான்தான் மூன்று நாளாக அதை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் பன்னிரண்டு புள்ளி ஐந்து.
நாலாவது அறையில் மட்டும் மிதவை
சிவப்பிலேயே நின்றது.
நாளையும் பார்க்கவேண்டும். தேறாமலும் போகலாம்.

ஆய்வகத்திலிருந்து ஸ்டெல்லா கேட்டாள்,
"மெஹருன்னிசா, சாம்பிள் எல்லாம் பத்திரமா?"
பத்திரம் என்றேன்.

எதிர்வீட்டுப் பெண் குடத்தைக் கேட்டு வந்தாள்.
இடுப்பில் பிள்ளை.
குடம் ததும்ப அப்படியே இருந்தது.
"ஏங்க, எங்க தண்ணி ஆகாதா?"

கோதண்டம் நாயைத் தடவிக்கொண்டு
வேறெங்கோ பார்த்தார்.
ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
இரண்டு நாள் வெயில் சேர்த்த குளிர்
முழங்காலில் பட்டு வெளியே போயிற்று.
பதினேழாம் புட்டியை எடுத்தேன்.
உட்காருங்க என்றேன்.